வெள்ளிக்கிழமை நார்த்தங்காய்

எங்கள் மேலப்புதுத் தெருவில் யாரும் யாரையும் நம்புவதில்லை, அதை ஒரு குறையாக நாங்கள் எண்ணியதுமில்லை. பால்காரர் வந்தால் பாலைப் பார்க்குமுன் அவர் முகத்தைப் பார்ப்போம், கல்யாணப் பத்திரிகை வந்தால் இத்தனை அவசரம் எதற்கு என்று விரல்விட்டு மாதத்தைக் கூட்டிப் பார்ப்போம், கோடையில் மழை பெய்துவிட்டால்கூட இது எதற்கு இப்போது வந்தது என்று வானத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டேதான் கொடியிலிருந்து துணியை எடுப்போம். அதனால் டெய்லர் நயினார் வீட்டுப் புறவாசலில் நின்ற நார்த்தை மரம், ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஏற்கெனவே சுருளாக வெட்டி உப்பு அடைத்த நார்த்தங்காய் ஒன்றைக் கிளையிலிருந்து கீழே போட்டபோது, நாங்கள் யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. மரமேறி வெட்டியது யார் என்றுதான் கேட்டோம்.

மரமேறி என்று சொன்னேனே தவிர, நார்த்தையில் ஏறுவது மனிதரால் ஆகிற காரியமில்லை. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய்க் கிளைகளை நாலாபக்கமும் தொங்கவிட்டுக்கொள்ளும் சாதி அது, இலைக்கு இலை முள், முள் ஒவ்வொன்றும் கோணி தைக்கிற ஊசிக்குச் சமானம். பூ வெளியே ஊதாவும் உள்ளே வெள்ளையுமாக இருக்கும். பூவும் பிஞ்சும் காயும் பழமும் ஒரே கிளையில் ஒரே நேரத்தில் தொங்கும். காயைப் பிளந்தால் முக்கால் பங்கு தோல், கால் பங்குதான் சுளை, அந்தச் சுளையிலும் சாற்றைவிட விதை அதிகம். இப்படி வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருக்கிற காயை எங்கள் தெரு சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், அதில்லாமல் ஆகாது என்பதுதான். பித்தத்துக்கு அது, மசக்கைக் குமட்டலுக்கு அது, காய்ச்சல் விட்ட வாய்க்குக் கஞ்சியோடு அது. பழுத்தால் சாறு பிழிந்து சோறு கிளறலாம், காய்ந்த தோலைத் துணி மடிப்பில் வைத்தால் பூச்சி அண்டாது, இலையை நரம்பு கிழித்து மிளகாயும் ஓமமும் சேர்த்து இடித்தால் வேப்பிலைக்கட்டி. வேப்பிலை ஒன்றுகூடச் சேராத அதற்கு அப்படிப் பெயர் வைத்தவர் எங்கள் தெருக்காரராகத்தான் இருக்கவேண்டும்.

அந்த மரத்தை வைத்தவள் நயினாரின் பெண்டாட்டி ஆவுடைத்தங்கம். பதியன் எங்கிருந்து வந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வருசத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மகள் வடிவு பள்ளிக்கூடத்திலிருந்து வருமுன்னே, ஒரு துணிப்பையோடு போய் பஸ் ஏறினவள் திரும்பி வரவில்லை. வடிவுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆவுடை பஸ் ஏறியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டுக்காரி, பெயர் கோமதி, கோமு என்பார்கள். பஸ் வாசலிலிருந்து ஒரு கை நீண்டு அவளை உள்ளே இழுத்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன், அவ்வளவுதான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அந்தக் கைக்கு ஒரு வாட்ச் வந்துவிட்டது, மறுநாள் மீசை வந்தது, மூன்றாம் நாள் அவனுக்குத் தென்காசிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையும் முதல் பெண்டாட்டி ஒருத்தியும் இருந்தார்கள். நயினார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார், தேடிப் போகவில்லை. அன்றிலிருந்து நார்த்தை பூப்பதை விட்டது.

எட்டு வருசம் கழித்து வடிவு, கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து நாலு மாத வயிற்றோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வந்த வாரமே மரம் பூத்தது, பதினைந்தாம் நாள் காய்த்தது, அந்த வெள்ளிக்கிழமை முதல் காயை அவள் காலடியில் போட்டது. அவள் யாரையும் கேட்கவில்லை, எடுத்து ஒரு சுற்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள், பிறகு உள்ளே போய் ஒரு கும்பா பழையதைக் குடித்தாள். அது தங்கியது.

அடுத்த வெள்ளி மூன்று காய் விழுந்தது, அதற்கடுத்த வெள்ளி ஐந்து. ஒவ்வொன்றும் சீராகச் சுருள் வெட்டி, இடுக்கெல்லாம் கரையாத கல்லுப்போடு. தெருவில் கம்பவுண்டர் குற்றாலம் என்று ஒருவர் இருக்கிறார், அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருசம் மருந்து கலக்கி ஓய்வுபெற்றவர், எந்த நோய்க்கும் ஒரு காரணம் உண்டு, எந்தக் காரணத்துக்கும் ஒரு ஆள் உண்டு என்பது அவர் கட்சி.

"மரம் தானா வெட்டுமா? வெட்டுதுன்னா கத்திய எங்க வச்சிருக்கு?" என்று கேட்டார். "ஆளு இருக்கான். நயினாரு, காடாத் துணியில பை தச்சுக் காய்க்கெல்லாம் கட்டும். வாயையும் தச்சிரும்."

நயினார் அளவெடுக்காமல் எதையும் தைக்கமாட்டார். கழுத்து டேப்பை எடுத்து முள்ளுக்குள் கையை விட்டு ஒவ்வொரு காயையும் சுற்றளவு எடுத்தார், பதினோரு பை தைத்தார், காம்போடு சேர்த்து வாயைத் தைத்தார். தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தது. வெள்ளிக்கிழமை பத்தேகால் மணிக்குப் பைகள் காற்றில்லாமல் லேசாக அசைந்தன, பத்தரைக்கு இரண்டு விழுந்தன. கம்பவுண்டர் தையலை எண்ணிப் பார்த்துவிட்டுப் பிரித்தார். உள்ளே காய் வெட்டி, உப்பு அடைத்திருந்தது, பையின் அடியில் நாலு விதை தனியாகக் கிடந்தது. இப்போதாவது நாங்கள் வியந்திருக்கலாம். ஆனால் நயினாரே தைத்த பையை எப்படி நம்புவது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார், அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

வடிவுதான் அந்தக் காயைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்கம்மை வெட்டு" என்றாள்.

அதை நான் முதல் காயிலேயே பார்த்துவிட்டேன், சொல்லவில்லை. நாங்களெல்லாம் காயை இடக்கையில் பிடித்து வலக்கையால் கத்தியை ஓட்டுவோம், சுருள் ஒரு பக்கமாக இறங்கும். ஆவுடை இடக்கைக்காரி, அவளுடையது எதிர்ப்பக்கமாக இறங்கும். எங்களுக்கு ஐந்து சுற்று வந்தால் அதிகம், ஆறாவதில் அறுந்துவிடும், அவளுக்கு ஏழு. ஏழாவது சுற்று முடிகிற இடத்தில் ஒரு விரல்கடை வெட்டாமல் விடுவாள், உப்பை அடைத்துக் கையை எடுத்தால் காய் தானாக மூடிக்கொண்டு முழுக்காயாக உட்கார்ந்திருக்கும். அவள் ஜாடி ஒரு நாளும் பூசணம் பூத்ததில்லை. என்னுடையது வருசா வருசம் பூக்கும். எங்கள் வீட்டு மனிதர்கூட என்னைப் பக்கத்து வீட்டில் நார்த்தங்காய் வாங்கிவரச் சொல்வார், நானும் கிண்ணத்தோடு போய் நிற்பேன். பொறாமைதான், வேறென்ன.

ஆவுடையின் கை என்று தெரிந்ததும் தெரு சுறுசுறுப்பானது. ஒரு கட்சி, அவள் திரும்பிவந்து மச்சில் ஒளிந்திருக்கிறாள் என்றது, மச்சைப் போய்ப் பார்த்தது, இரண்டு ஓட்டை அண்டாவைப் பார்த்துவிட்டு இறங்கியது. இன்னொரு கட்சி, வெள்ளிக்கிழமையாகப் பார்த்து விழுகிறதே, அம்மன் காரியமாக இருக்குமோ என்று மஞ்சள் குங்குமம் கொண்டுவந்தது. மூன்றாவது கட்சி மரத்தின் அடி மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றது, கம்பவுண்டர் அந்தக் கட்சி.

"ஓடிப்போனவ ஓடிப்போன எடத்துலதான வெட்டணும்" என்றார். "இங்கன வெட்டுதான்னா இங்கனதான் இருக்கா. மரத்துக்கு மேல இல்ல. அப்போ?"

அந்த 'அப்போ' தெருவில் வீடு வீடாகப் போய், பஸ் ஏறி, வடிவின் மாமியார் வீடுவரை போய்விட்டது. எட்டு வருசமாக மிஷினைத் தவிர எதையும் மிதித்திராத நயினார் ஒரே வாரத்தில் பெண்டாட்டியைக் கொன்று நார்த்தைக்கு உரமாகப் போட்டவர் ஆனார். நான் பார்த்த கை என்னாயிற்று என்று யாரும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

மாமியார் ஆவணி பிறந்ததும் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்று பேசினாள்.

"ஓடிப்போனவ மவளுன்னு தெரிஞ்சுதான் எடுத்தோம். அதுக்கு மனசு வந்துச்சு. கொன்னு பொதச்சவன் மவள வச்சுக்கிட மனசு வரல்ல, பாத்துக்கிடுங்க. ஒண்ணுமில்லேன்னு தெளிஞ்சா ஏழாம் மாசம் வளையல் போட வாரேன். தெளியலேன்னா அவ இங்கனயே இருக்கட்டும்."

வடிவு வாசல்நிலையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் போனபின் அப்பாவிடம் போய், "தோண்டச் சொல்லுங்கப்பா" என்றாள். நயினார் அவளைப் பார்த்தார், நீயுமா என்பதுபோல. "எனக்காக இல்ல" என்றாள், ஆனால் குரல் உறுதியாக இல்லை.

வியாழக்கிழமை நாலு மண்வெட்டியோடு தோண்டினார்கள். தெருவே புறவாசலில் நின்றது, நானும் நின்றேன். இடுப்பளவு போயும் எலும்பு இல்லை, சீலைத் துணி இல்லை, வளையல் இல்லை. வேர்தான் வந்தது, வேரெல்லாம் கல்லுப்பு பூத்திருந்தது. கம்பவுண்டர் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு உப்புதான் என்று அறிவித்தார். எதிர்ப்பட்ட வேர்களை மண்வெட்டி அறுத்துக்கொண்டே போனது. நயினார் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றவர் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்.

"தோண்டிட்டு மண்ணத் தள்ளிருங்க. வேரு வெயில்ல கெடக்கக் கூடாது."

ஒன்றும் கிடைக்காததில் தெளிந்துவிடும் தெரு அல்ல எங்கள் தெரு. இல்லையென்றால் எடுத்துவிட்டான் என்று அர்த்தம், எடுத்துவிட்டான் என்றால் முன்பு இருந்தது என்று அர்த்தம். மாமியாருக்கும் அப்படியே தகவல் போனது.

அதன்பிறகு வந்த வெள்ளிக்கிழமை இரண்டு காய்தான் விழுந்தது, இரண்டிலும் ஆறு சுற்று. அடுத்த வெள்ளி ஒன்று, ஐந்து சுற்று, நடுவில் கத்தி நடுங்கி ஏறி இறங்கிய தடம். மரம் சாகிறது என்றார் கம்பவுண்டர். எனக்கு வேறொரு பயம் வந்தது. பதியன் என்பது தாய்மரத்தின் கிளையை மண்ணில் அமுக்கி வேர்விட வைத்து அறுத்தெடுப்பது, இரண்டு இடத்தில் நிற்கிற ஒரே மரம் என்றுதான் தோட்டக்காரர்கள் சொல்வார்கள். அங்கே தாய்மரத்தில் பறிக்கிற கை வெட்டுவதைத்தான் இங்கே இந்த மரம் வெட்டிக்காட்டுகிறது என்றால், நடுங்கியது மரம் இல்லை. அந்தக் கை எங்கே இருக்கிறது என்று இந்தத் தெருவில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை எதுவும் விழவில்லை. வடிவுக்கு மறுபடி எதுவும் தங்கவில்லை. ஆறு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, புரட்டாசி முதல் வியாழக்கிழமை, அவள் என் வீட்டுப் பின்கட்டுக்கே வந்துவிட்டாள்.

"பெரியம்மை, ஒங்க பக்கம் ஒரு கெளை சாஞ்சிருக்குல்லா. ஏதாவது விழுந்துதா?"

நான் எழுந்து மறைக்குமுன் அவள் பார்த்துவிட்டாள். அடுப்படி மூலையில் பதினாறு நார்த்தங்காய் கிடந்தது, ஆடியிலிருந்து என் பக்கம் விழுந்தவை. ஒன்றில்கூட வெட்டு இல்லை, உப்பு இல்லை. ஆவுடை எனக்கு மட்டும் வெட்டித்தரவில்லை என்று முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டதால் யாருக்கும் காட்டாமல் சேர்த்து வைத்திருந்தேன். வெட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"ஒங்க பக்கம் மட்டும் ஏன் பெரியம்மை முழுசாக் காய்க்கு?"

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. எங்கள் தெருவில் பிறந்த பெண், சந்தேகம் இல்லாமல் கேட்டாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"ஒங்கம்மை ஓடிப்போகல, வடிவு" என்றேன். "நான் பாத்தது காக்கிச் சட்டைக் கை. கண்டக்டரு கை. கையச் சொன்னேன், காக்கியச் சொல்லல."

பிறகு நிற்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸின் போர்டு ஆனைப்பாறை. அங்கே ஆவுடைக்கு ஒரு அக்கா, சாதி மாறிக் கட்டிக்கொண்டதால் குடும்பமே தலைமுழுகிய அக்கா, அவள் பேச்சையே எடுக்கக்கூடாது என்று நயினார் சொல்லியிருந்தார். நார்த்தைப் பதியனும் அந்த அக்கா வீட்டு மரத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும். அந்த அக்கா படுக்கையில் கிடக்கிறாள் என்று தகவல் வந்து, நாலு நாளில் வந்துவிடலாம் என்றுதான் சொல்லாமல் போனாள். நாலாம் நாள் வந்துமிருக்கிறாள். பஸ் ஸ்டாப்பில் பூக்காரி சேர்மக்கனி, தெரு என்ன பேசுகிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறாள், வாட்ச், மீசை, ஜவுளிக்கடை எல்லாம். ஆவுடை நின்று கேட்டுவிட்டு, இறங்கின பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டாள். ஏறுமுன் சேர்மக்கனியிடம் ஒரு சொல் சொல்லி, அதைப் பக்கத்து வீட்டுக் கோமு அக்காளிடம் சொல்லச் சொன்னாள். வீட்டுக்காரர் நம்பினால் வந்து கூப்பிடட்டும், நம்பாவிட்டால் பிள்ளையையாவது ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடட்டும். வெள்ளிக்கிழமைதோறும் பத்தேகால் மணிக்கு ஆனைப்பாறை பஸ் ஸ்டாப்பில் காய் வெட்டிக்கொண்டு காத்திருப்பேன் என்றாளாம்.

சேர்மக்கனி என்னிடம் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மீசையும் வாட்சும் ஜவுளிக்கடையும் என் தலையில் விழும் என்று பயந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன், அப்புறம் அடுத்த மாதம். சேர்மக்கனி மூன்றாம் வருசம் செத்துப்போனாள், எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வடிவு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமைதோறுமா?"

"வெள்ளிக்கிழமைதோறும்."

"தெருப்பேச்ச நானும் நம்பிட்டேன்னு அம்மை நெனச்சிருப்பாள்லா" என்றாள். அவள் நம்பத்தான் நம்பினாள். சுவரைப் பிடித்து எழுந்து போய் அப்பாவைக் கூட்டிவந்தாள், எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னாள், நான் மறுபடி சொன்னேன். நயினார் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எட்டு வருசமா மதினி?" என்றார். பிறகு டேப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். "சொன்னது நீங்க. நம்புனது நான்லா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. எட்டே முக்கால் பஸ்ஸுக்கு வடிவு கிளம்பினாள். நயினார் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசல்வரை வந்து, கழற்றிவிட்டார். "பிள்ளையத்தான கடைசியாக் கேட்டுருக்கா. என்னையக் கூப்பிட்டா வாரேன்னு சொல்லு" என்றார். துணைக்கு நான் வரட்டுமா என்று கேட்டேன். "நீங்க வர வேண்டாம் பெரியம்மை" என்றாள் வடிவு, கோபமாக இல்லை, பாத்திரம் கழுவ வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆனாலும் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். எங்கள் தெருவில் பாதி அங்கே இருந்தது, வயிற்றுப்பிள்ளைக்காரி தனியாகப் பையோடு போகிறாளே என்று மருந்துக்கடை நிழலில், வெற்றிலைபாக்குக் கடை ஓரத்தில், ஆளுக்கொரு வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டிருந்தது. ஆனைப்பாறை என்று போர்டு போட்ட பஸ் வந்தது. படி உயரம், வடிவு ஒரு காலை வைத்துத் தடுமாறினாள். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு அவளைப் பிடித்து ஏற்றிக்கொண்டது.

"பாத்தியளா" என்றார் கம்பவுண்டர். "ஒரு கை."

தெரு அந்தக் கையைப் பார்த்தது, பார்த்த மாத்திரத்தில் அதற்கு ஒரு வாட்ச் முளைக்கத் தொடங்கியதை நான் என் கண்ணால் கண்டேன்.

"காக்கிச் சட்டை" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். "அது கண்டக்டரு கை. அன்னைக்கும் கண்டக்டரு கைதான்."

பஸ் போனது. யாரும் பஸ்ஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

"ஒங்களுக்கு எப்பிடி மதினி இவ்வளவு தெளிவாத் தெரியுது?" என்று கம்பவுண்டர் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் எல்லோரும் என்னைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் தண்ணீர் பிடித்தால் குடத்தைப் பார்க்கிறார்கள், கோயிலுக்குப் போனால் எந்தச் சாமியை எவ்வளவு நேரம் கும்பிட்டேன் என்று பார்க்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

வடிவு திரும்பி வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு, சாகிறது என்று கைவிட்ட மரத்தில் ஒரு பை அசைந்தது. நயினார் தையலைப் பிரித்துக் காயை வெளியே எடுத்தார். அதில் இரண்டு வெட்டு இருந்தது. ஒன்று இடக்கையின் பக்கமாக இறங்கியது, நடுக்கமில்லாமல். மற்றது எங்கள் எல்லோரையும்போல வலக்கையின் பக்கமாக, கோணல்மாணலாக, மூன்றாவது சுற்றிலேயே அறுந்து. நயினார் அறுந்த துண்டையும் கீழே போடவில்லை. டேப்பை நீட்டி இரண்டு சுருளையும் அளந்துவிட்டு மரத்தடியிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். தகவல் கேட்ட மாமியார் இரண்டு நாள் சந்தேகப்பட்டு, மூன்றாம் நாள் வளையல் வாங்கிக்கொண்டு ஆனைப்பாறைக்கே பஸ் ஏறினாள். நயினார் இப்போது வெள்ளிக்கிழமை கடையைத் திறப்பதில்லை. இஸ்திரிச் சட்டையோடு பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்திருக்கிறார், ஆவுடை கூப்பிட்டதாக யாராவது சொல் கொண்டுவருவார்கள் என்று.

போன வெள்ளிக்கிழமை என் பக்கத்துக் கிளையிலிருந்து ஒரு காய் விழுந்தது. வழக்கம்போல முழுசாகத்தான் இருந்தது. எடுத்து மூலையில் போடப் போனேன், விரலில் உப்பு ஒட்டியது. திருப்பிப் பார்த்தேன். மயிரிழையில் ஒரு கோடு இடக்கைப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது, எண்ணினேன், ஏழு சுற்று. கடைசியில் ஒரு விரல்கடை வெட்டாமல் விட்டிருந்தாள்.

அதைக் கிண்ணத்தில் வைத்து முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், இன்றோடு ஐந்து நாள். தண்ணீர்விட்ட சோறும் தயாராக இருக்கிறது. அவள் எனக்கு எதற்கு இதை அனுப்பவேண்டும் என்றுதான் விளங்கவில்லை. நம்பித் தின்னலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.